ஏழு வயதுக்கு மேல் பேச்சை வளர்க்கும் விளையாட்டு எது?

பொம்மைக் கடையில் 'பேச்சு வளர்ச்சிக்கு' என்று அட்டையில் போட்டு விற்கும் சாமான்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் ஐந்து வயதோடு நின்றுவிடும். அமுக்கினால் 'அ - அம்மா' சொல்லும் பலகை, மாடு கத்துகிற மாதிரி சத்தம் போடும் புத்தகம், நிறங்களின் பெயரைப் பாடும் நாய்க்குட்டி. அடுத்த அடுக்குக்குப் போனால் ரிமோட் கார், ரூபிக்ஸ் கியூப், செஸ், அறிவியல் சோதனைப் பெட்டி. மொழிக்கு ஏதாவது கொடுங்கள் என்றால், எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஸ்கிராபிளை எடுத்து நீட்டுவார்கள். பிள்ளைதான் வாயாடுகிறதே, இனிமேல் பேச்சில் வளர்க்க என்ன இருக்கிறது என்பது கடைக்காரர் போடும் கணக்கு. நம்மில் பாதிப் பேர் போடும் கணக்கும் அதேதான்.

ஆனால் மொழியில் கஷ்டமான வேலையெல்லாம் ஏழு வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. பள்ளியில் நடந்த சண்டையை, அங்கே இல்லாத அம்மாவுக்குப் புரியும்படி முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். 'ஆனாலும்', 'அதற்குள்', 'இல்லாவிட்டால்' மாதிரிச் சொற்களை வைத்து இரண்டு மூன்று விஷயங்களை ஒரே வாக்கியத்தில் கோர்க்க வேண்டும். 'அவளுக்கு வாய் நீளம்' என்றால் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை என்று புரிய வேண்டும். கேட்கிற ஆளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யோசித்து அதற்கேற்ப பேச்சை மாற்ற வேண்டும். கிண்டலைக் கிண்டல் என்று பிடிக்க வேண்டும். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வந்ததும் பாடப் புத்தகமும் இதையெல்லாம் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும், கணக்குப் பாடத்தில்கூடக் கணக்கைவிட அதைச் சொல்கிற வாக்கியம்தான் நீளமாக இருக்கும். இந்த வயதில் மொழியில் பின்தங்கும் பிள்ளையை 'படிப்பு ஏறவில்லை' என்று முத்திரை குத்துவார்களே தவிர, மொழிதான் காரணமோ என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

சரி, அப்படியானால் எதை வாங்குவது, எதை விளையாடுவது? ஒரு விளையாட்டு மொழிக்கு உதவுமா என்று பார்க்க நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வாயையே திறக்காமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது அருமையான விளையாட்டாக இருக்கலாம், மூளைக்கு வேலை கொடுக்கலாம், பேச்சுக்கு அதிகம் உதவாது.

ஸ்கிராபிளையே எடுத்துக்கொள்வோம். 1930களில் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கியது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதை வைத்து மதிப்பெண் போட்டார். அதனால்தான் அடிக்கடி வராத க்யூவுக்கும் இசட்டுக்கும் 10, சும்மா சும்மா வரும் ஈ-க்கு 1. அழகான கணக்கு. ஆனால் 2015-இல் என்ன நடந்தது தெரியுமா? நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதியில் இருந்த சொற்களைப் பொருள் தெரியாமலேயே மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார், ஜெயித்தார். ஸ்கிராபிள் எழுத்துக்கூட்டலையும் ஞாபகசக்தியையும் சோதிக்கிறது, பேச்சைத் தொடுவதே இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? வீட்டில் பெட்டி இருக்கிறதே என்றால் ஒரே ஒரு விதி சேர்த்துப் பாருங்கள்: சொல்லை வைத்தவர் அதை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால்தான் மதிப்பெண், அந்த வாக்கியம் முந்தின ஆள் சொன்னதோடு தொடர வேண்டும். அப்புறம் அது வேறு ஆட்டம். தமிழில் அப்படியே செய்யலாம் என்று போனால் 247 எழுத்து குறுக்கே நிற்கும், உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி வில்லை செய்தால் மேசை பத்தாது. அதற்கு மெனக்கெடுவதைவிட வேறு ஆட்டம் பார்ப்பது நல்லது.

பேசுகிற பொம்மைகளின் கதையும் இதேதான். 1978-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சில்லு ஒன்று மனிதக் குரலைத் தானே உருவாக்கிச் சொல்லைச் சொல்லும், பிள்ளை அதை எழுத்துக்கூட்டித் தட்ட வேண்டும். மின்னணுவியல் வரலாற்றில் பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் பேசியதெல்லாம் பொம்மை, பிள்ளை பேசவே இல்லை. இன்றைக்குக் கிடைக்கும் டேப்லெட் 'மொழி' செயலிகளில் பலவும் அதன் பேரப்பிள்ளைகள்தான். 2016-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், அவர்களின் பெற்றோர், வீட்டுக்குள் மூன்று வகைச் சாமான்கள்: சத்தமும் வெளிச்சமும் போடும் மின்னணுப் பொம்மை, கட்டை மாதிரியான சாதாரணப் பொம்மை, படப் புத்தகம். மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோதுதான் பெற்றோர் மிகக் குறைவாகப் பேசினார்கள், புத்தகம் இருந்தபோது அதிகம். பொம்மை பேசுகிறதே, நாம் எதற்கு என்று வாய் தானாக மூடிக்கொள்கிறது. 2018-இல் அமெரிக்காவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 36 பேரை ஸ்கேன் செய்து பார்த்த இன்னோர் ஆய்வு, பிள்ளையின் காதில் எத்தனை சொல் விழுகிறது என்பதைவிட, பேச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை முறை போய் வருகிறது என்பதற்கும் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதற்கும்தான் நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்றது. இரண்டுமே சின்னப் பிள்ளைகளிடம் செய்தவை, அப்படியே தூக்கிப் பத்து வயதின் மேல் ஒட்ட முடியாது. ஆனாலும் பேச்சு போய் வர வேண்டும் என்கிற விஷயம் எந்த வயதுக்கும் பொருந்தாமல் போகாது.

பேச்சு எப்போது போய் வரும்? ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும்போது. பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டுகள் வெகுகாலமாகப் பயன்படுத்திவரும் ஒரு பயிற்சி இதை வைத்துத்தான். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், நடுவில் ஒரு தடுப்பு. ஒருவர் தன் பக்கம் எதையோ கட்டுகிறார் அல்லது வரைகிறார், பார்க்காமலேயே எதிராளி அதே மாதிரி செய்ய வேண்டும், பேச்சு மட்டும்தான் வழி. செலவு ஒரு பைசா கிடையாது. ஒரு பழைய சூட்கேஸைத் திறந்து நடுவில் நிறுத்தினால் போதும், ஆளுக்கு ஏழெட்டுக் கட்டைகள். அண்ணனுக்குப் பத்து வயது, தங்கைக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம், முதல் ஆட்டம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்:

"பெரிய சிவப்ப நடுவுல வை."

"வச்சிட்டேன்."

"அதுக்கு மேல மஞ்சள்."

"மேலன்னா? அது மேல ஏத்தி வைக்கணுமா, இல்ல அந்தப் பக்கமா தள்ளியா?"

"மேலதான் சொல்றேன்ல!"

"எந்த மேலண்ணா?"

இந்த இடத்தில்தான் விஷயமே நடக்கிறது. அண்ணனுக்குத் தன் பக்கம் கண்ணெதிரே எல்லாம் தெளிவாக இருக்கிறது, அதனால் தான் சொன்னதும் தெளிவு என்று நினைக்கிறான். அவளுக்கு அது தெரியாது என்று முதல்முறையாக உறைக்கும்போது, 'சிவப்புக் கட்டையோட முதுகுல, உன் வலதுகை பக்கம் நுனி ஒட்டுற மாதிரி, மஞ்சளைப் படுக்க வை' என்று வாக்கியம் நீள ஆரம்பிக்கும். யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தது. 1960களில் அமெரிக்காவில் கிளக்ஸ்பெர்க், கிராஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதே அமைப்பில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பெயர் வைக்க முடியாத கோணல்மாணல் உருவங்களைக் கட்டைகளில் வரைந்து, எந்தக் கட்டையை எடுக்க வேண்டும் என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவர் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் தங்களுக்கு மட்டுமே புரிகிற பெயரைச் சொல்லிவிட்டு, எதிராளிக்கு ஏன் புரியவில்லை என்று விழித்தார்கள். பள்ளி வயதில் இந்தத் திறமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளை தடுமாறினால் பதற ஒன்றுமில்லை, அந்த வயதில் வளர்கிற விஷயத்தைத்தான் நீங்கள் தொட்டிருக்கிறீர்கள்.

ஒன்றோடொன்று பூட்டும் லெகோ கட்டைகள் இருக்கிற வீட்டில் இதை மூன்று பேராக ஆடலாம். டேனியல் லெகாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கி 2004-இல் எழுதிய முறை அது. ஒருவர் இன்ஜினியர், படம் அவரிடம் மட்டும் இருக்கும். இன்னொருவர் சப்ளையர், கட்டைகள் அவரிடம். மூன்றாமவர் கட்டுபவர், அவரிடம் கைதான் இருக்கிறது. ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால் மூன்று பேருக்கும் வேலை நின்றுவிடும். பெரிய பையன்கள் கம்ப்யூட்டரை விட்டு நகரமாட்டேன் என்றால் அதிலேயே ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து 2015-இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற விளையாட்டில் ஒருவர் திரையில் வெடிகுண்டைப் பார்க்கிறார், அதைச் செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவர்களிடம், ஆனால் அவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும். திரை என்றாலே மொழிக்கு எதிரி என்று முடிவுகட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவு துல்லியமான பேச்சு எந்த டியூஷனிலும் வராது.

கேள்வி கேட்கும் ஆட்டங்களும் இந்த வகைதான். 'கெஸ் ஹூ' என்று 1979-இல் வந்த பலகை விளையாட்டில் 24 முகங்கள், ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டு எதிராளியின் முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பலகையே இல்லாமல் இருபது கேள்வி ஆட்டம் ஆடலாம், பேருந்துப் பயணத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை 'பூனையா?', 'பேனாவா?' என்று குருட்டாம்போக்கில் கேட்கும், பத்துப் பதினொன்றில் 'உயிருள்ளதா?', 'வீட்டுக்குள்ள இருக்குமா?' என்று வகை பிரித்துக் கேட்க ஆரம்பிக்கும். 1960களிலேயே இந்த மாற்றத்தை ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டினால் இருபது கேள்விக்குள் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிடிக்கலாம். இதைக் கணக்குப் பிடிக்கிற பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஆட்டத்தை விடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தடைச்சொல் ஆட்டம். 1989-இல் 'டாபூ' என்ற பெயரில் வந்தது. அட்டையில் ஒரு சொல், அதைச் சொல்லாமல் உங்கள் அணிக்குப் புரியவைக்க வேண்டும், கூடவே ஐந்து சொற்களைத் தொடவே கூடாது. ஆங்கிலப் பெட்டி வாங்க வேண்டியதே இல்லை, பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் போதும். பிள்ளைகளையே அட்டை எழுத வைத்தால் வேலை பாதி அங்கேயே நடந்துவிடும், ஏனென்றால் 'மழை' என்று எழுதிவிட்டு அதற்கு எதையெல்லாம் தடை செய்தால் எதிரணி திணறும் என்று யோசிப்பதே சொற்களுக்கிடையே உள்ள உறவைத் தோண்டுவதுதான். தண்ணீர், மேகம், குடை, வானம், நனைவது, ஐந்தும் போச்சு. அப்போது ஒரு வாண்டு எழுந்து 'கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விடுறாருல்ல, எதனால?' என்று கேட்டால் கூட்டமே ஒரே குரலில் பதில் சொல்லும். அகராதி தராத விளக்கம் அது, ஆனால் சொல்லுக்குப் பொருள் தெரிந்த ஆளால் மட்டும்தான் அப்படிச் சுற்றி வர முடியும்.

இதன் கடுமையான வடிவம் 'கோட்நேம்ஸ்', செக் நாட்டு வ்லாடா ஹ்வாட்டில் வடிவமைத்து 2015-இல் வந்தது. மேசையில் 25 சொற்கள், உங்கள் அணிக்குரிய சொற்களை ஒற்றைக் குறிப்புச் சொல்லாலும் ஓர் எண்ணாலும் காட்ட வேண்டும். கடல், கண்ணீர், ஊறுகாய் மூன்றும் உங்களுடையது என்றால் 'உப்பு, மூன்று' என்பீர்கள். பக்கத்தில் எதிரணியின் 'ரசம்' கிடக்கிறதே என்று அப்புறம்தான் கண்ணில் படும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இதைக் கொஞ்சம் பொறுத்து ஆரம்பிக்கலாம்.

இனி நம் கையிலேயே இருக்கிற சரக்குக்கு வருவோம், விடுகதை. தொல்காப்பியம் இதைப் 'பிசி' என்று சொல்லி, உவமையோடு வருவதை அதில் ஒரு வகையாகப் பிரித்தே வைத்திருக்கிறது. 'கிணற்றைச் சுற்றிப் புல்' என்றால் கண். 'அடிக்காமல் திட்டாமல் அழவைப்பான்' என்றால் வெங்காயம். பாட்டிகள் சொன்னது, எல்லாருக்கும் விடை தெரியும், அதனால்தான் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. விடுகதையின் முழுப் பலன் விடை சொல்வதில் கிடைப்பதைவிட, 'ஏன்' என்பதை விளக்குவதிலும் புதிதாக ஒன்று கட்டுவதிலும்தான் கிடைக்கிறது. கண்ணில் கிணறு எது, புல் எது? கண்பாப்பா கிணறு, இமைமுடி புல், சரி, அப்படியானால் புருவம்? புல்லுக்கு அப்பால் வரப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் அது உவமையைப் பிடித்துவிட்டது, ஊன்றி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சார்ஜருக்கு ஒன்று கட்டு, லிஃப்டுக்கு ஒன்று கட்டு என்று விடலாம். கட்டுவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று எழுது, அதையே செய்கிற ஓர் ஆளையோ விலங்கையோ கண்டுபிடி, அப்புறம் அந்த ஆளால் முடியாத ஒன்றைச் சேர். 'நாள் முழுக்க மாடி ஏறி இறங்குவான், கால் வலிக்காது' என்று லிஃப்டுக்கு வந்துவிடும்.

இன்னொரு வகை விடுகதை ஒரே சொல்லின் இரண்டு பொருளில் நிற்கிறது. பல் உண்டு, கடிக்காது, சீப்பு. எந்தக் காலுக்குச் செருப்பு வேண்டாம், பந்தக்காலுக்கு. ஏழெட்டு வயதில் பிள்ளைகள் திடீரென்று கடி ஜோக் பைத்தியமாவதைப் பார்த்திருப்பீர்கள், தொல்லை தாங்காது. ஒரு சொல்லைப் பொருளிலிருந்து கழற்றி, வெறும் சொல்லாகக் கையில் வைத்துப் புரட்டிப் பார்க்கிற திறமை அப்போதுதான் முளைக்கிறது, அதனால்தான் அந்தப் பைத்தியம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவையுங்கள். மாறாக, பத்து வயதாகியும் எந்த ஜோக்கிலும் எங்கே சிரிப்பு என்று பிடிபடாத பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதை சொல்ல வைக்கும் சாமான்களில் பிரபலமானது 'ரோரிஸ் ஸ்டோரி கியூப்ஸ்', ஒன்பது பகடை, 54 படம், உருட்டி விழுந்ததை வைத்துக் கதை கட்ட வேண்டும். நல்ல சாமான்தான், ஆனால் சும்மா விட்டால் 'ஒரு மீன் இருந்துச்சு, அப்புறம் ஒரு கோட்டை, அப்புறம் ஒரு செருப்பு, அப்புறம்...' என்று பட்டியல்தான் வரும், கதை வராது. கதைக்கு வேண்டியது காரணமும் விளைவும். அதற்கு பகடையோடு ஒரு கட்டுச் சீட்டு சேருங்கள், ஒவ்வொன்றிலும் 'ஆனாலும்', 'அதனால்தான்', 'அதற்குள்', 'இல்லையென்றால்', 'என்று நினைத்து' என்று ஓர் இணைப்புச் சொல். பகடையை எடுக்கும்போது சீட்டையும் எடுக்க வேண்டும், இரண்டையும் வாக்கியத்தில் கொண்டுவர வேண்டும். 'கோட்டைக் கதவு மூடியிருந்தது, ஆனாலும் மீன் அகழி வழியா உள்ள போயிடுச்சு' என்று உடனே ஒரு திட்டம், ஒரு தடை, ஒரு வழி வந்துவிடும். பகடையும் வேண்டாம் என்றால் காலண்டர் படம், பழைய வாரப் பத்திரிகைப் படம் எதுவும் ஆகும்.

படம் வைத்து ஆடுவதில் 'டிக்ஸிட்' தனி ரகம். ஜான் லூயி ரூபிரா என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது, ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை 2010-இல் வாங்கியது. 84 கனவு மாதிரியான படங்கள். கையில் இருக்கும் ஒரு படத்துக்கு ஒரு வரி சொல்லிக் கவிழ்த்து வைக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து அந்த வரிக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் சேர்ப்பார்கள், பிறகு எது உங்களுடையது என்று ஊகிப்பார்கள். இதில் மதிப்பெண் போடும் விதிதான் விசேஷம்: எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் சொன்னவருக்குச் சைபர், ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் சைபர். பட்டவர்த்தனமாகவும் சொல்லக் கூடாது, மூடுமந்திரமாகவும் சொல்லக் கூடாது, யாரோ சிலருக்கு மட்டும் எட்டுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். எட்டு வயதுக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரமாகும், பிடிபட்டால் அப்பாவுக்கு மட்டும் தெரிந்த குடும்பக் கதையிலிருந்து வரி எடுத்து அம்மாவை ஏமாற்றும்.

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு ஆடாத ஆளே தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வழக்கமாக ஆடும்போது போலீஸ் முகத்தைப் பார்த்து ஊகிப்பார், முடிந்தது, பேச்சுக்கு இடமே இல்லை. போலீஸ் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம் என்று வைத்தால் போதும், 'காலையில எட்டு மணிக்கு எங்க இருந்த?' என்று விசாரணை ஆரம்பித்துவிடும், திருடன் உட்கார்ந்த இடத்தில் ஒரு கதை கட்ட வேண்டும், அந்தக் கதை முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது. 1980களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கி உலகம் முழுக்கப் பரவிய 'மாஃபியா' ஆட்டம் இதன் பெரிய அண்ணன், பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடும் வீட்டில் நடுராத்திரி வரை ஓடும். பெயர், ஊர், விலங்கு, பொருள் எழுதும் ஆட்டமும் நல்லதுதான், அவசரத்தில் சொல்லைத் தேடி எடுக்கப் பழக்கும், ஆனால் அதில் உண்மையான மொழிப்பயிற்சி எழுதி முடித்த பிறகு 'இதெல்லாம் ஒரு பொருளா?' என்று வெடிக்கும் சண்டையில்தான் இருக்கிறது. அந்தச் சண்டையைப் பெரியவர்கள் தீர்த்துவைக்கக் கூடாது. பாட்டுக்குப் பாட்டு கலகலப்புக்குச் சரி, முதலெழுத்தைப் பிடித்து ஞாபகத்தைத் துழாவ வைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், பாடுவதெல்லாம் மனப்பாடம்.

பட்டிமன்றத்தை நாம் பண்டிகை நாள் டிவிக்கு விட்டுவிட்டோம், வீட்டுக்குள் அது பிரமாதமான விளையாட்டு. 'வீட்டில் நாய் வளர்க்கலாமா' மாதிரி பிள்ளைக்கு நிஜமாகவே அக்கறை இருக்கிற தலைப்பாக எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் பேசியதும் நடுவர் மணி அடிப்பார், இரண்டு பேரும் கட்சி மாற வேண்டும், எதிராளி சொன்ன ஒரு காரணத்தை முதலில் ஒத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 'நாய் குரைச்சா பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தூக்கம் போகும், அது வாஸ்தவம்தான், இருந்தாலும்...' என்று பத்து வயது பேசுவதைக் கேட்பது தனி சுகம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று ஒரு கூடுதல் சுமை இருக்கிறது, பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. நாலாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் பேனா நகராததற்குப் பாதிக் காரணம் இதுதான். இதற்குச் செய்தி வாசிக்கும் ஆட்டம் ஆடலாம். வீட்டில் நடந்ததை ஒருவர் வீட்டுப் பேச்சில் நிருபராகச் சொல்ல வேண்டும், 'பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திடுச்சுங்க' என்று. இன்னொருவர் அதையே உடனடியாக முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு செய்தியாக வாசிக்க வேண்டும்: 'இன்று காலை சமையலறையில் பால் பொங்கி வழிந்ததில் அடுப்பு அணைந்தது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை.' சிரித்தால் அவுட். டொராண்டோவிலோ லண்டனிலோ வளரும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் வரை போக வேண்டாம், தடுப்பு வைத்துக் கட்டும் ஆட்டத்தைத் தமிழில் மட்டும் ஆடுவது என்று வைத்தாலே போதும், 'தமிழ்ல பேசு' என்று சொல்லாமலேயே தமிழ் பேச ஒரு காரணம் கிடைக்கும். இங்கே கட்டாயம் சொல்ல வேண்டியது, ஆட்டத்தின் நடுவே திருத்தக் கூடாது. பிள்ளை தப்பாகச் சொன்னால் சரியான வடிவத்தை உங்கள் பதிலில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போங்கள், அது காதில் விழும். திருத்த ஆரம்பித்தீர்கள் என்றால் அது பாடமாகிவிடும், அடுத்த ஞாயிறு கூப்பிட்டாலும் வராது.

உச்சரிப்புக்கு வருவோம். 'யாரு தச்ச சட்ட, தாத்தா தச்ச சட்ட', 'கடலோரம் உரல் உருளுது' மாதிரி நாக்குச் சுளுக்கும் தொடர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஒலி ஏற்கெனவே வருகிற பிள்ளைக்கு வேகமும் தெளிவும் கூடும், விளையாட்டாகவும் இருக்கும். வராத ஒலியை இவை வரவழைக்காது. 'ர' வராத பிள்ளையை 'உரல்' என்று நூறு தடவை சொல்லவைத்தால் தப்பான 'ர' நூறு தடவை பழகும், அவ்வளவுதான். 'ழ' விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், மதுரை, நெல்லைப் பக்கம் 'வாளப்பளம்' என்பதும் சென்னையில் 'வாயப்பயம்' என்பதும் ஊர் வழக்கு, குறைபாடு கிடையாது, தாத்தாவிலிருந்து பேரன் வரை அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் பேரனை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. திக்கிப் பேசும் பிள்ளையை வைத்துக்கொண்டு நாக்குச் சுளுக்கும் தொடரும், மணல் கடிகாரம் வைத்த ஆட்டமும் வேண்டவே வேண்டாம், அவசரம்தான் திக்கலின் முதல் நண்பன். டாபூவை நேரக் கணக்கு இல்லாமல் ஆடினாலும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் இந்த ஊதல், ஊதிப் பந்தை மிதக்கவைக்கும் குழாய், நாக்குப் பயிற்சிச் சாமான்கள். பேச்சு தெளிவாகும் என்று சொல்லி விற்கிறார்கள். பேசாமல் வாய்க்கு மட்டும் கொடுக்கும் பயிற்சியால் பேச்சு ஒலி திருந்தும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊதி விளையாடட்டும், பிறந்தநாளுக்கு நன்றாக இருக்கும், சிகிச்சை என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

எல்லா ஆட்டமும் ஆடிப் பார்த்தும் சில பிள்ளைகளுக்கு ஏறாது. எட்டு ஒன்பது வயதிலும் நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது, 'அது', 'இது', 'அங்க' என்றே பேச்சு ஓடும், இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நடக்கும், ஜோக்கும் கிண்டலும் புரியாது, சொல்ல வந்த சொல் நுனிநாக்கிலேயே நின்றுவிடும். கேட்டலிலோ அறிவுத்திறனிலோ வேறு காரணம் எதுவும் இல்லாமல் மொழி மட்டும் கஷ்டமாக இருப்பதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறார்கள், ஏறக்குறைய 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்த கணக்கு. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இது வருவதில்லை, அதனால் ஒரு மொழியை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள், அதன்பின் ஸ்பீச் தெரபிஸ்ட். போகும்போது பிள்ளை வீட்டில் எந்த ஆட்டத்தை விரும்பி ஆடுகிறது, எந்த இடத்தில் சிக்குகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள், முடிந்தால் ஓர் ஆட்டத்தை போனில் பதிவு செய்தும் காட்டலாம். பத்து நிமிடம் புது ஆளின் அறையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட, தங்கையோடு சூட்கேஸைத் தடுப்பாக வைத்துச் சண்டை போடும் பிள்ளையைப் பார்த்தால் அவர்களுக்கு நிறையத் தெரியும்.